சித்தியின் கை படாத தராசு

என் சித்தி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் தராசைத்தான் பார்ப்பார். கடைக்காரர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். தக்காளி வாங்கப் போனால் தக்காளியைப் பொறுக்குவதற்கு முன் தராசின் தட்டைத் தூக்கி, குனிந்து, அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் இருக்கும் தராசுகள் எல்லாமே அவர் பழுது பார்த்தவை.

கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அவருடைய பட்டறை. ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். அலமாரியில் பழுதான தராசுகள் கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசை மாதிரி உட்கார்ந்திருக்கும். மேசை இழுப்பறையில் பல் டாக்டர் வைத்திருப்பதைப் போல நீண்ட காம்புள்ள ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. தட்டுக்கு அடியில் பார்ப்பதற்கு அதுதான்.

"தராசுக்கு வர்ற வியாதியில பாதிக்கு மேல தட்டுக்கு அடியிலதான் இருக்கு" என்று சொல்வார். கடலை, பொத்தான், செத்த கரப்பான் பூச்சி, ஒரு தடவை ஒரு குழந்தையின் பால் பல். அடியில் எது முட்டுக்கொடுத்து நின்றாலும் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். தராசு அந்தப் பங்கை விட்டுவிட்டு மீதியைத்தான் சொல்லும். பொருள் எட்டுக் கிலோ இருந்தால் ஏழே முக்கால் என்று காட்டும். தராசு பொய் சொல்லவில்லை, அதன் தலையில் வந்த பாரத்தை மட்டும் சொல்கிறது என்று சித்தி தராசுக்காக வாதாடுவார்.

கடைக்காரர்கள் அவரைத் தராசு அக்கா என்பார்கள். சித்தப்பாவும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார். அவர் வெளிவேலைக்குப் போய்ப் பெரிய தராசுகளைக் கழற்றி மாட்டுவார். எங்கு வேலை முடித்தாலும் பட்டறையின் பெயர் போட்ட நீல ஸ்டிக்கரை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். வேறு எதையாவது மறந்தே தீருவார், ஸ்டிக்கரை மட்டும் மறக்க மாட்டார்.

சித்திக்கு மீன் பிடிக்கும் பழக்கம் வந்ததும் தராசால்தான். ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு குளிர்ந்த ஏரி இருக்கிறது. அதில் ட்ரவுட் மீன் விடுகிறார்கள். குஞ்சு வளர்க்கும் தொட்டிகளின் பக்கத்தில் ஒரு தராசு பழுது என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் அங்கிருந்தவர் விளையாட்டாக ஒரு தூண்டிலைக் கையில் கொடுத்தார். நான்கு மணி நேரம் நின்றார், ஒன்றும் சிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகப் போய் நின்றார். ஒன்றுமே கிடைக்காத இடத்துக்கு எதற்குத் திரும்பப் போனீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். கிடைத்திருந்தால் அத்தோடு விட்டிருப்பேன் என்றார். அன்றிலிருந்து பதினோரு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான்.

ஏரிக்கரையில் தூண்டில்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அறைச் சுவரில் ஒரு பலகை. ஏரியில் பிடிபட்ட மிகப் பெரிய ட்ரவுட்டின் எடையும் பிடித்தவர் பெயரும் அதில் இருக்கும். பல வருடங்களாக அங்கே இருந்த எடை ஏழு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பிடித்தவர் கடைவீதியில் தூண்டில் சாமான் விற்பவர். அவர் அந்த அறுபது கிராமைத் தானே கூட்டிக்கொண்டு, எட்டுக் கிலோ எட்டுக் கிலோ என்று சொல்லிச் சொல்லி, ஊரே அவரை எட்டுக்கிலோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

ஆறு வருடங்களுக்கு முன் சித்திக்கு ஒரு பெரிய மீன் சிக்கியது. அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்து, முதலில் கண்ணில் பட்ட பழக்கடையில் எடை போட்டார். எட்டுக் கிலோ நூறு. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அந்தப் பழக்கடைத் தராசை இரண்டு நாளுக்கு முன்னால்தான் சித்தி பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். மீன் பிடித்தவர் பராமரிக்கும் தராசில் போட்ட எடை செல்லாது என்று சங்கத்தின் விதியில் இருப்பது அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் எட்டுக்கிலோ எழுந்து, "தான் பிடிச்ச மீனைத் தான் வளர்த்த தராசுல போட்டா, பெத்த பிள்ளை மாதிரி கொழுகொழுன்னுதான் காட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அறைக்குள்ளேயே நின்றிருந்தால் பரவாயில்லை. அது கடைவீதிக்கு இறங்கி வந்துவிட்டது. வெங்காயம் வாங்க வருகிறவர்கள், "சாதாக் கிலோவா, அக்கா கிலோவா?" என்று கேட்டார்கள். கேலிதான். ஆனால் கேலி மூன்று மாதம் ஓடிய பிறகு இரண்டு கடைக்காரர்கள் தங்கள் தராசை வேறு ஊர் ஆளிடம் கொடுத்தார்கள். எட்டுக்கிலோவும் அப்படித்தான் செய்தார்.

"மீன் போனா போகட்டும். ஏரியில இன்னொண்ணு இருக்கும். என் கிலோவைப் பாத்துச் சிரிக்கிறாங்களே, அதை எங்க போய் நிறுக்கிறது?" என்று சித்தி அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அழவில்லை. அடுத்த நாளே ஒரு நோட்டை எடுத்து, தான் கை வைத்த எல்லாத் தராசுகளையும் எழுதினார். எழுதி முடித்தபோது ஊரில் ஒரு தராசுகூட மிஞ்சவில்லை. பக்கத்து ஊரில் ஒன்று மிஞ்சியது. அங்கிருக்கும் குளிர்பதனக் கிடங்கின் தராசு. வருடந்தோறும் அரசு முத்திரை போடப்படுவது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவது.

அன்றிலிருந்து அந்தத் தராசைச் சித்தி தொடுவதில்லை என்று முடிவு செய்தார். கிடங்கு மேனேஜர் பத்துத் தடவையாவது போன் செய்திருப்பார். பட்டன் அழுத்தினால் வேலை செய்யவில்லை, ஒரு கால் ஆடுகிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். எனக்கு நேரமில்லை, எனக்கு முதுகுவலி, எனக்கு அந்த மாடல் தெரியாது என்று ஆறு வருடங்களில் சித்தி சொல்லாத சாக்கு இல்லை. பழுது பார்க்கிற ஒருவர், வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லி ஒரு தராசைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன மாதத்துக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மீன் வந்தது. நான் அன்று அவர்களோடு இல்லை. சித்தியும் சித்தப்பாவும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டவைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத ஒரே விஷயம், மீனைக் கரையேற்ற எவ்வளவு நேரம் ஆனது என்பது. சித்தி நாற்பது நிமிடம் என்கிறார். சித்தப்பா ஒன்றரை மணி நேரம் என்கிறார். அவர் அந்த நேரம் முழுவதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றதால் அப்படித் தோன்றியிருக்கலாம். வேறொருவர் விரல் தூண்டில் கம்பில் பட்டாலும் கணக்கில் சேராது என்பது விதி. அவர் பழக்கதோஷத்தில் எதையாவது பிடித்துவிடுவார் என்று சித்திதான் கையைத் தூக்கச் சொன்னாராம். ரீலில் ஒரு திருகு லூசாகி, இறுக்குவதற்கு மஞ்சள் கைப்பிடி போட்ட சித்தப்பாவின் திருப்புளியைக் கேட்டபோது, அது வண்டியிலும் இல்லை, பையிலும் இல்லை. ஒன்பது நாளாகக் காணவில்லை என்று அப்போதுதான் சொன்னார். சித்தி லூசான ரீலோடுதான் மீனை இழுத்தார்.

சங்கத்தின் செயலாளர் அன்று கரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மீனைக் காய்ந்த சாக்கின் மேல் கிடத்தி, நாடாவால் நீளமும் சுற்றளவும் எடுத்தார். மீனைப் பிடித்த தூண்டிலின் நைலான் நரம்பில் சில மீட்டர் வெட்டி உறையில் போட்டு ஒட்டினார். அதன் பலத்தைத் தனியாகச் சோதிப்பார்களாம். தன் பையிலிருந்த சின்ன ஸ்பிரிங் தராசில் மாட்டிப் பார்த்தார். முள் எட்டைத் தாண்டி நின்றது. அந்தத் தராசு கணக்கில் சேராது. ஆனால் அதைப் பார்த்ததும் செயலாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பழைய எடையைவிட அரை சதவீதமாவது கூட இருந்தால்தான் புதிய சாதனை. அதாவது ஏழு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம் வேண்டும். எட்டுக்கு மேல் இருக்கும் மீனுக்கு அது பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் வெளியே எடுத்த மீன் காயும். விதிப்படி மேலே தண்ணீர் தெளிக்கக் கூடாது, ஐஸ் படக் கூடாது. மணிக்கு மணி கிராம் கிராமாக எடை இறங்கும். மணி பத்தரை ஆகியிருந்தது. கிடங்குக்கு மலையிறங்கிப் போக ஒன்றரை மணி நேரம்.

வண்டியைச் சித்தப்பா ஓட்டினார். பக்கத்தில் சாட்சியாகச் செயலாளர். பின்னால் மீனும் சித்தியும். பாதி வழியில் சித்தப்பா வேறு எங்காவது போகலாமா என்று கேட்டார். எதற்கு என்று சித்தி கேட்டார். கொஞ்ச தூரம் போய், அந்த மேனேஜர் ஒரு மாதிரியான ஆள் என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய், அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக் அதிகம் என்றார். ஆறு வருடங்களாகக் காத்திருந்தவர் காதில் இதெல்லாம் ஏறவில்லை.

கிடங்கில் இறங்கியதும் எல்லாம் புரிந்தது. தராசின் பக்கவாட்டில், கண்ணுக்கு நேராக, பளிச்சென்று நீல ஸ்டிக்கர். பட்டறையின் பெயர். ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி. கீழே சித்தப்பாவின் கையெழுத்து, வால் நீட்டி, கோடு போட்டு.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

மேனேஜர் கெஞ்சியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை, சித்திக்குத் தெரியாமல் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்துவிட்டேன் என்று சித்தப்பா சொன்னார். மீனைவிட அவர் முகம் வெளுத்திருந்ததாகச் சித்தி சொல்வார்.

"தெரியாம செஞ்சீங்க, சரி. அதுல ஸ்டிக்கர் வேற ஒட்டணுமா?" என்று மட்டும் சித்தி கேட்டார்.

"வேலை செஞ்சா ஒட்டணும்ல" என்றார் சித்தப்பா.

அதற்கு மேல் சித்தி கத்தவில்லை. கத்துவதற்கு ஆகும் நேரத்திலும் மீன் காயும். இந்த ஊரில் நம் கை படாத தராசு எது என்று யோசிக்க ஆரம்பித்தார். தபால் நிலையம் மூடியிருக்கும். இறைச்சிக் கடை, தானியக் கடை, இரும்புக் கடை எல்லாமே நோட்டில் இருந்தவை. அப்போது கிடங்கு வாசலில், காலில் கட்டுப் போட்ட ஒரு நாய் படுத்திருந்தது. சித்தி மேனேஜரிடம் திரும்பி, "இதை எங்க கொண்டுபோய்க் காட்டினீங்க?" என்று கேட்டார்.

இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தக் கால்நடை மருத்துவமனை. ஞாயிறு ஒரு மணி வரைக்கும் உண்டு. அவர்கள் போனபோது பன்னிரண்டே முக்கால். டாக்டர் ஒரு பெண். நாற்காலிகளில் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் அவற்றின் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கில் சுற்றிய மீனைப் பார்த்ததும் பூனை எழுந்து நின்றது.

"மீனை மட்டும் செத்தப்புறம்தான் டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?" என்றார் டாக்டர். விஷயத்தைக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். நாய்களை ஏற்றி எடை போடும் அகலமான தராசு சுவரோரம் தரையில் கிடந்தது. விற்ற கம்பெனி ஆளைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. செயலாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஸ்டிக்கர் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஒரே ஒரு குறை, அதில் அரசு முத்திரையும் இல்லை. அதற்கும் சங்கத்தில் விதி இருந்தது. முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால், போட்ட நிலையிலேயே அதைக் கட்டி வைக்க வேண்டும். முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து அதில் எவ்வளவு பிழை என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பிழையைக் கூட்டியோ குறைத்தோதான் எடை முடிவாகும்.

சித்தி தராசிலிருந்து நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இருபது வருடங்களாகத் தராசைக் கண்டதும் தானாக நீளும் கைகள் அவை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததாகச் சொன்னார்.

அங்கே நின்றபடியே அவர் அதைப் பார்த்துவிட்டார். தட்டின் வலது மூலைக்கு அடியில், நகத்தளவு, இளஞ்சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஏதோ ஒரு நாய் கடித்துத் துப்பிய ரப்பர் எலும்பின் துண்டு. தட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது.

டாக்டர் தட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, பூஜ்யம் வைத்து, மீனைக் கிடத்தினார். செயலாளர் போட்டோ எடுத்தார். எண்கள் ஆடி ஆடி நின்றன. ஏழு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

இருபது கிராம் குறைவு.

மறுபடி எடுத்து மறுபடி வைத்தார்கள். அதே எண். செயலாளர் எண்ணை எழுதிக்கொண்டு, வருத்தமாக இருக்கிறது என்றார். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சித்தி அந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடையை அப்படியே எழுதுங்கள், தராசைக் கட்டி முத்திரை ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குறைந்துபோன எடைக்கு எதற்குச் சோதனை என்று செயலாளர் தயங்கினார். "விதியில குறைஞ்சா வேண்டாம்னு போட்டிருக்கா?" என்று சித்தி கேட்டார். அவர் விதியை எடுத்து இரண்டு முறை படித்தார். அப்படிப் போட்டிருக்கவில்லை. காகித நாடாவைத் தராசைச் சுற்றி ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு டாக்டர் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். எடை கூடுவதற்காக ஈயக் குண்டுகளைத் திணித்து ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் அதுவும் ஒரு விதி. உள்ளே இரண்டு குட்டி மீன்களும் ஒரு நத்தையும் இருந்தன. டாக்டர் அதையும் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து ரப்பர் துண்டைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா குதித்தார். "அங்கேயே சொல்றதுக்கு என்ன? வாயில முள்ளு மாட்டியிருந்துச்சா?"

"நான் சொல்லி அவங்க எடுத்தா, அதுக்கப்புறம் ஏறுற ஒவ்வொரு கிராமும் என் கிராம்" என்றார் சித்தி. "மறுபடியும் அக்கா கிலோன்னுதான் சொல்வாங்க. எனக்கு அது வேண்டாம். தராசு என்ன சொல்லுதோ, அதை இன்னொருத்தர் கண்டுபிடிச்சு, இன்னொருத்தர் எழுதணும்."

முத்திரை ஆய்வாளர்கள் எப்படிச் சோதிப்பார்கள் என்று சித்திக்குத் தெரியும். வந்ததும் துடைக்க மாட்டார்கள், தட்டைத் தூக்க மாட்டார்கள். தராசு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே முதலில் எடைக்கல் வைத்துப் பார்த்து எழுதுவார்கள். சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்தான். சித்தி நம்பியிருந்தது அந்த ஒரு வழக்கத்தைத்தான். அதற்குள் பெருக்குகிறவர் யாராவது அந்தத் துண்டை எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

திங்களும் செவ்வாயும் மோசமாக இருந்தன. எட்டுக்கிலோ தன் கடை வாசலில், "சாதனை இன்னும் இங்கேதான்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சித்தி பட்டறைக்குப் போகும் வழி அதுதான். சுற்றிக்கொண்டு போக வேறு தெரு இருந்தும் அந்த வழியாகவே போனார். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஒரு நாய் காகித நாடாவின் மேல் காலைத் தூக்கிவிட்டது, கழுவட்டுமா என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாளாக நாய்களைச் சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆட்கள் எடை பார்க்கும் சின்னத் தராசில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது, எல்லோரும் தங்கள் எடையை மறைக்கிறார்கள் என்றும் புகார் சொன்னார். நாடா கிழியவில்லையே என்று சித்தி கேட்டார். கிழியவில்லை. அப்படியானால் காயட்டும் என்றார்.

புதன்கிழமை முத்திரை ஆய்வாளர் வந்தபோது நானும் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அறைக்குள் இடமில்லாததால் வாசலில் நின்றேன். எட்டுக்கிலோவும் வந்திருந்தார். சித்தி அதே நான்கடி தூரத்தில், அதே மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆய்வாளர் பெட்டியைத் திறந்து, துணியால் பிடித்து, ஐந்து கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ என்று கற்களைத் தட்டில் வைத்தார். எட்டுக் கிலோ. மீன் கிடந்த அதே இடம்.

ஏழு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து என்று காட்டியது.

எடுத்து வைத்தார். அதே எண். ஐந்து தடவையும் அதே எண். ஆய்வாளர் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். டாக்டரிடம் இடுக்கி வாங்கி, அந்த இளஞ்சிவப்பு ரப்பரை இழுத்தெடுத்தார். பெருவிரல் அளவுதான் இருந்தது. மறுபடி கல் வைத்தபோது தராசு எட்டுக் கிலோ என்றது.

டாக்டர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரமா இங்க வர்ற நாயெல்லாம் இளைச்சுப் போச்சுன்னு டானிக் எழுதிக் கொடுத்திட்டிருந்தேன்" என்றார்.

எட்டுக்கிலோ மட்டும் சிரிக்கவில்லை. "அந்தத் துண்டை அன்னைக்கு அந்தம்மாவே வச்சிருந்தா?" என்று கேட்டார்.

"தன் மீனைத் தானே குறைச்சுக் காட்டவா?" என்றார் டாக்டர்.

செயலாளர் பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் போட்டோக்களை எடுத்து மேசையில் பரப்பினார். நான்கு போட்டோ. மீனை வைக்கும்போது, எண் தெரியும்போது, மறுபடி வைக்கும்போது, நாடா ஒட்டும்போது. நான்கிலும் சித்தி பின்னால் நிற்கிறார். நான்கிலும் கை இரண்டும் முதுகுப் பக்கம். எட்டுக்கிலோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய் வெயிலில் நின்றார்.

ஏழு கிலோ தொள்ளாயிரத்து அறுபதோடு தொண்ணூறு கிராமைக் கூட்டினால் எட்டுக் கிலோ ஐம்பது. நரம்பின் சோதனைச் சீட்டும், மீன் ட்ரவுட்தான் என்ற சான்றும் வந்துசேர ஐந்து வாரங்கள் ஆயின. பலகையில் பெயரை மாற்றி எழுதிய அன்று சித்தி ஏரிக்குப் போகவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, பட்டறையில் வேலை இருந்தது.

அடுத்த வாரம் எட்டுக்கிலோ பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய கடைத் தராசு. உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் படியிலேயே நின்று பேசினார். தராசு கொஞ்ச நாளாகத் தடுமாறுகிறது என்றார். சித்தி வாங்கி மேசையில் வைத்தார்.

"இனிமே எட்டுக்கிலோன்னு உன்னைத்தான் கூப்பிடணும் போல" என்றார் அவர்.

"அந்தப் பேரை நீங்களே வச்சுக்குங்க. என்னைக் கூப்பிடணும்னா அந்த ஐம்பது கிராமையும் சேர்த்துக் கூப்பிடுங்க" என்றார் சித்தி. சொல்லிக்கொண்டே அந்தத் தராசின் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார்.

அதே வாரத்தில் குளிர்பதனக் கிடங்கிலிருந்தும் போன் வந்தது. வேலை செய்துவிட்டுப் போன நாளிலிருந்து தராசு முன்பைவிட மோசம் என்று மேனேஜர் சொன்னார். இப்போது அந்தத் தராசைத் தொடாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆறு வருடங்களுக்குப் பிறகு சித்தி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிடங்குத் தராசின் தட்டு பெரியது, இரண்டு ஆட்கள் பிடித்துத் தூக்கினார்கள்.

சாயங்காலம் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டுக்குப் பக்கத்தில் சித்தி ஒரு திருப்புளியை வைத்தார். மஞ்சள் கைப்பிடி.

"அட, இது எங்க இருந்துச்சு?"

"கிடங்குல. தட்டுக்கு அடியில."

சித்தப்பா திருப்புளியைக் கையில் எடுத்தார். அவருக்குக் கணக்குப் போடக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று மீனை அந்தத் தராசில் போட்டிருந்தால் அதுவும் குறைத்துத்தான் காட்டியிருக்கும். நடப்பு முத்திரை உள்ள தராசு என்பதால் யாரும் சோதனைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். குறைந்த எடை குறைந்த எடையாகவே நின்றிருக்கும். அங்கே போடவிடாமல் தடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப நான் ஸ்டிக்கர் ஒட்டினது..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடுங்க" என்றார் சித்தி.